‘பிள்ளைகளாவது’ என்ற சொல்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஊர்களில் பெற்றோர் பேச்சில் அடிக்கடி வந்துபோகும் ஒரு சொல் உண்டு: ‘பிள்ளைகளாவது’. ‘நம்ம காலம் இப்படியே போயிடுச்சு, பிள்ளைகளாவது நல்லா இருக்கட்டும்’ என்று முழுதாகவும் சொல்வார்கள். பாதியில் நிறுத்திப் பெருமூச்சோடு முடிப்பதும் உண்டு. அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது, தன் வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்த பாடு இருக்கிறது. கூடவே ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. மாறுவதற்கான வயது எனக்குக் கடந்துவிட்டது என்று ஒருவர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு அது. முப்பத்தெட்டு வயதிலேயே அதை எழுதிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். புதிய பத்தாண்டின் வாசலில் நிற்கும் இந்த இரண்டு மாவட்டங்களும் முதலில் கைவிட வேண்டியது இந்தத் தீர்ப்பைத்தான் என்பது என் வாதம். பிள்ளைகள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். இனி பெரியவர்களின் முறை.

பத்தாண்டு என்ற கணக்கே நமக்குக் கொஞ்சம் அந்நியமானதுதான். நம் வழக்கில் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபதாகச் சுற்றி வருகின்றன; மனித வாழ்வின் பெரிய திருப்பத்தை அறுபதில் கொண்டாடுகிறோம். பத்துப் பத்தாக வெட்டி அளக்கும் பழக்கத்தை நம் ஊர்களுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு உண்டு. 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்த அந்தக் கணக்கெடுப்பு, 2021இல் கொரோனாவால் நின்றுபோனது. இப்போது 2027 மார்ச் 1ஆம் தேதியைக் குறிப்பு நாளாக வைத்து நடத்தப்படுகிறது. அந்த வகையில் நம் பத்தாண்டு ஆறு வருடம் தாமதமாகத்தான் தொடங்குகிறது. கணக்கெடுப்பாளர் வந்து நின்று வயது, படிப்பு, தொழில், பிறந்த பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, ஒரு வீடு கடந்த பதினாறு ஆண்டுகளில் என்ன ஆனது என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். புத்தாண்டு நாளின் தீர்மானங்களைவிட இந்த வாய்ப்பு நேர்மையானது. தீர்மானம் என்ன ஆகப் போகிறேன் என்பதைச் சொல்கிறது. கணக்கெடுப்பு என்ன ஆகியிருக்கிறேன் என்பதைக் கேட்கிறது.

கடைசியாக 2011இல் கேட்டபோது கிடைத்த விடையைப் பார்ப்போம். அரியலூர் மாவட்டத்தின் எழுத்தறிவு 71.34 விழுக்காடு. அன்றைய மாநில அளவு 80.09. தமிழ்நாட்டு மாவட்டங்களின் வரிசையில் கடைசிப் படிகளில் அரியலூர் நின்றது. ஏழு வயதுக்கு மேற்பட்ட பத்துப் பெண்களில் ஏறத்தாழ நான்கு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த எண்ணை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு அண்மை ஆண்டுகளின் பள்ளித் தேர்வு முடிவுகளைப் பாருங்கள். 2022இல் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்தின் முதலிடம் பெரம்பலூருக்கு, 97.95 விழுக்காடு. 2023இல் பத்தாம் வகுப்பில் முதலிடம் மீண்டும் பெரம்பலூருக்கு, 97.67. 2024இல் பத்தாம் வகுப்பில் அரியலூர், 97.31. 2025இல் பிளஸ் டூவில் அரியலூர், 98.82. தொடர்ந்து நான்கு ஆண்டுகள், ஏதேனும் ஒரு பொதுத்தேர்வில் இந்த இரண்டில் ஒன்று மாநிலத்தின் தலையில் நின்றிருக்கிறது. தேர்ச்சி விழுக்காடு கல்வியின் தரத்தை முழுதாக அளந்துவிடாது என்பது உண்மை. அதை வைத்து மார்தட்டவும் நான் சொல்லவில்லை. ஆனால், ‘பின்தங்கிய மாவட்டம்’ என்ற பட்டத்தைச் சுமந்த மண்ணின் பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒருவர் விடாமல் தேர்வெழுதித் தேறுகிறார்கள் என்றால், அந்தப் பட்டம் யாருக்குப் பொருந்துகிறது என்று மறுபடி கேட்க வேண்டாமா? 2011இன் எண்ணைக் கீழே இழுத்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி வயதைக் கடந்தவர்கள். பள்ளி எண் பிள்ளைகளுடையது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தின் பெயர் வயது.

பெரியவர்கள் மாற முடியாதவர்கள் என்பதற்கு இது சான்றாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. 2013இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் ஜோர்டி குவாட்பாக், டேனியல் கில்பர்ட், திமோத்தி வில்சன் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதினெட்டு முதல் அறுபத்தெட்டு வயது வரையிலான 19,000க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்கள் கேட்டது எளிய கேள்வி. சிலரிடம், கடந்த பத்தாண்டில் உங்கள் குணமும் விருப்பங்களும் மதிப்பீடுகளும் எவ்வளவு மாறின என்று கேட்டார்கள். வேறு சிலரிடம், அடுத்த பத்தாண்டில் எவ்வளவு மாறும் என்று கேட்டார்கள். எல்லா வயதினரும் ஒரே தவறைச் செய்தார்கள். கடந்த பத்தாண்டில் நிறைய மாறினோம் என்று ஒப்புக்கொண்டவர்களின் வயதையே எட்டப்போகிறவர்கள், இனி அவ்வளவு மாற மாட்டோம் என்று நம்பினார்கள். நாற்பது வயதுக்காரர்கள் தாங்கள் வந்துசேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டதாக நினைத்தார்கள். ஐம்பது வயதுக்காரர்களோ நாற்பதிலிருந்து தாங்கள் எவ்வளவோ மாறியதைச் சொன்னார்கள். மாற்றம் அந்த வயதிலும் நடந்துகொண்டேதான் இருக்கிறது, நடக்காது என்ற நம்பிக்கைதான் பிழை என்று இதிலிருந்து தெரிகிறது. ‘பிள்ளைகளாவது’ என்ற சொல்லுக்குள் இருப்பது அதே பிழை.

அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இணையதளம் வழியாகச் சேர்ந்தவர்கள். வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் வாழ்கிறவர்களுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று மறுப்பவர்கள் நியாயமாகத்தான் மறுக்கிறார்கள். ஆகவே ஐரோப்பாவை விட்டுவிடுவோம்; பெரம்பலூரின் மானாவாரிக் கரிசலைப் பார்ப்போம். ஒரு தலைமுறைக்கு முன் கம்பும் வரகும் சோளமும் நிலக்கடலையும் விளைந்த காடுகளில் இன்று மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன. மக்காச்சோளம் மிகுதியாக விளையும் தமிழ்நாட்டு மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத் தேவை அந்தப் பயிருக்கு ஒரு நிலையான சந்தையைக் கொடுத்தது. இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் இல்லை. அப்பனும் பாட்டனும் போட்ட பயிரை விட்டு, விதை முதல் விற்பனை வரை எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொண்ட நாற்பது, ஐம்பது வயது விவசாயிகள். 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைச் சூறையாடியபோது, மறு பருவத்துக்குள் விதை நேர்த்தி, வேப்பம் புண்ணாக்கு, வரப்போரப் பயிர், இனக்கவர்ச்சிப் பொறி என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொன்னதைத் தெரிந்துகொண்டு இறங்கியதும் அவர்கள்தான். அரியலூர்க்காரர் ஒருவர் 1995 முதல் வீடு மாறாமலே நான்கு முறை மாவட்டம் மாறியவர்: திருச்சியிலிருந்து பெரம்பலூர், 2001இல் அரியலூர், 2002இல் திரும்பவும் பெரம்பலூர், 2007இல் மறுபடி அரியலூர். மாற்றம் இவர்களுக்குப் புதிதா என்ன?

மாற்றம் எப்போதும் நல்லதாகவே முடியும் என்றும் சொல்ல முடியாது. 2017இல் பெரம்பலூர்ப் பகுதியில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் சிலர் அந்த நஞ்சு தாக்கி இறந்தார்கள். பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அதே பருவத்தில் மகாராஷ்டிரத்தின் யவத்மாலிலும் இதே கொடுமை நடந்தது. பயிர் மாறியிருந்தது, மருந்து மாறியிருந்தது, தெளிப்பான் விசைத்தெளிப்பானாக மாறியிருந்தது. தோளுயரச் செடிக்கு நடுவே முகத்தை மூடாமல், வெறுங்கையோடு, காற்றுக்கு எதிரே நின்று அடிக்கும் பழக்கம் மாறவில்லை. வீரியமான மருந்தை விற்றவர்களுக்கும், எச்சரித்துக் கற்றுத்தர வேண்டியவர்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு. ஆனாலும் அந்தச் சாவுகள் ஒன்றை உணர்த்துகின்றன. கையில் இருக்கும் பொருள் மாறும் வேகத்துக்கு உடம்பின் வழக்கமும் மனத்தின் பார்வையும் மாறாவிட்டால், இடைவெளியில் ஆள் சிக்கிக்கொள்கிறான்.

என் கவலை அந்த இடைவெளியைப் பற்றியதுதான். வயலில் மாறுகிற நம் ஆண்கள் வீட்டுப்படி ஏறியதும் மாற மறுக்கிறார்கள். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் தொடங்கி ஜெயங்கொண்டம் வரை, வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் இல்லாத ஊர் குறைவு. அங்கே அறையில் முறைவைத்துச் சோறு பொங்குகிறார்கள், குழம்பு வைக்கிறார்கள், சட்டையைத் துவைத்து உலர்த்துகிறார்கள், புதிய மொழியில் நாலு வார்த்தை கற்று வேலை வாங்கவும் செய்கிறார்கள். ஊருக்கு வந்த மறுநாள், குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். முடியாததால் செய்யாமல் இருக்கவில்லை. இங்கே அது தன் வேலையில்லை என்று வைத்திருக்கிறார்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். இதே ‘வைத்திருத்தல்’ கெட்டிப்படும் இடத்தில் என்ன ஆகிறது என்பதையும் 2011 கணக்கு சொல்லியிருக்கிறது. அந்த ஆண்டு அரியலூரில் ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள் இருந்தார்கள். பெருமைப்படும்படியான எண்தான். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்தால், ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 897 பெண் குழந்தைகள். பெரம்பலூரில் 913. மாநில அளவு 943. கடலூருக்கு அடுத்து மாநிலத்திலேயே மிகக் குறைந்த எண் அரியலூருடையது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகு பிறந்த, பிறக்காமல் போன குழந்தைகளின் கணக்கு இது. புதுப் பயிருக்கும் புது விதைக்கும் இடம்கொடுத்த அதே தலைமுறை, பெண் குழந்தை விஷயத்தில் பாட்டன் காலத்துக் கணக்கையே புது இயந்திரத்தை வைத்துப் போட்டிருக்கிறது. பெண் இல்லாத பாரத்தைப் பிள்ளைகள் மேல் ஏற்றிவிட்டு, ‘பிள்ளைகளாவது’ என்று சொல்வதில் என்ன பொருள் இருக்க முடியும்?

தனிமனித மாற்றத்தைப் பேசுவது ஏழையைக் குற்றவாளியாக்கும் வேலை என்று ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்துக்கென்று 1990களில் விவசாயிகளின் நிலம் எடுக்கப்பட்டது. திட்டம் வரவேயில்லை. இழப்பீட்டு வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று அரசு முடிவெடுப்பதற்குள் ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாத நிலத்தின் மேல் உட்கார்ந்திருந்தவரிடம் போய், வாழ்க்கையைப் புதிய கண்ணோடு பாருங்கள் என்று சொல்வது அவமதிப்பு. கிணறு வெட்டவும் முந்திரிக் கன்று ஊன்றவும் பத்தாண்டு முன்னே பார்க்கிற மனம் வேண்டும். அந்த மனத்துக்குக் காலடியில் உறுதியான மண் வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில், சிமென்ட் ஆலைக்கு ஓடும் லாரிகளின் புழுதியில் வாழ்கிறவர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். அரசும் ஆலைகளும் செய்ய வேண்டியதைத் தனிமனிதர்களின் மன உறுதி ஈடுசெய்யாது. இதை முழுதாக ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று எஞ்சுகிறது. வறுமை காரணமாக மாற முடியாதவை ஒரு பட்டியல். வறுமைக்குத் தொடர்பே இல்லாமல் மாறாதவை இன்னொரு பட்டியல். கருவில் பெண்ணைத் தேடி அழிக்கச் செலவு செய்ய முடிந்த வீடு, வறுமையைக் காரணம் காட்ட முடியாது. தன் தட்டைத் தானே கழுவ எந்த அரசாணையும் தேவையில்லை.

எல்லா மாற்றத்தையும் பிள்ளைகள் கணக்கில் எழுதுவதன் விலை என்னவென்று இந்த மாவட்டங்களுக்குத் தெரியும். செந்துறைப் பக்கத்துக் குழுமூரின் அனிதா, சுமைதூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 எடுத்தவர். ஒரு குழந்தை தன் பங்குக்கு எதைச் செய்ய முடியுமோ அதை முழுதாகச் செய்து முடித்தவர். மருத்துவப் படிப்பின் வாசலில் நீட் தேர்வு நின்றது. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பேசினார். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி நம்மைவிட்டுப் போனார். 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்குள்ள அரங்கம் அவர் பெயரைத் தாங்குகிறது. விதிகளை எழுதுவதும் மாற்றுவதும் பெரியவர்களின் உலகம். அந்த உலகம் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, குழந்தைகள் மட்டும் ஓடி ஓடி அதன் தூரத்தைக் கடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. 98 விழுக்காடு என்ற எண்ணைக் காணும்போதெல்லாம் அதற்குள் எத்தனை பிஞ்சுத் தோள்கள் எவ்வளவு எடையைத் தாங்குகின்றன என்ற நினைப்பும் எனக்கு வருகிறது. வீட்டின் வறுமை, ஊரின் மானம், அப்பா படிக்காத படிப்பு, அம்மா காணாத வேலை எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண் பட்டியலில் தீர்க்கச் சொல்கிறோம். அந்தச் சுமையில் பாதியைப் பெரியவர்கள் இறக்கி வாங்கிக்கொள்ளலாம். எப்படியென்றால், தாங்களும் கொஞ்சம் மாறுவதன் மூலம்.

வரப்போகும் ஆண்டுகள் அதைக் கேட்காமல் விடப்போவதில்லை. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2022 நவம்பர் 28 அன்று காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, உற்பத்தியும் தொடங்கிவிட்டது. ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனம் ஒன்று 1,000 கோடி ரூபாயில் அமைக்கும் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 15,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. தமிழ்நாட்டின் காலணி ஆலைகளில் பெண்களே மிகுதி. விடியற்காலையில் கம்பெனி வேன் ஊர் முக்கில் வந்து நிற்கும். அந்த வேனில் ஏறும் பெண் நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளைக்குத் தலைசீவி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துவைத்து, மாலை திரும்பி வந்து மறுபடி அடுப்பு மூட்ட வேண்டும் என்றால், அந்தச் சம்பளம் அவள் உடம்பிலிருந்து எடுக்கப்பட்ட கடன். பாதி வேலையை வீட்டில் இருக்கிறவர் ஏற்றால் அதே சம்பளம் குடும்பத்தின் வளர்ச்சி. ஆலையை அரசு கொண்டுவரலாம். அடுப்படியில் யார் நிற்பது என்பதைக் குடும்பம்தான் முடிவுசெய்ய வேண்டும். சிங்கப்பூர் அறையில் சோறு பொங்கத் தெரிந்த ஆண்கள் இத்தனை பேர் இருக்கும் இடத்தில், இதைச் செய்யத் திறமை போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

தேதி பார்த்து எடுக்கும் முடிவுகள் தை பிறந்து மாசி வருவதற்குள் கரைந்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். தனியாக எடுத்த முடிவுகள் பெரும்பாலும் அப்படித்தான் கரைகின்றன. ஊரோடு எடுத்த முடிவு வேறு மாதிரி நடக்கும். 1990களின் தொடக்கத்தில், அதுவும் ஒரு பத்தாண்டின் தொடக்கம்தான், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுத்துக் கற்க வந்த பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயல்வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்பது பதிவான செய்தி. பெண் சைக்கிள் ஓட்டுவதா என்ற ஏளனத்தை அவர்கள் கேட்காமல் இல்லை. நூறு பேர் ஒன்றாக ஏறி மிதித்ததால் அந்த ஏளனம் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அவர்களில் யாரும் ‘என் மகளாவது ஓட்டட்டும்’ என்று காத்திருக்கவில்லை. அன்றைக்கு முப்பது வயதிலிருந்தவருக்கு இன்று அறுபதைத் தாண்டியிருக்கும். அவர் பேத்தி ஸ்கூட்டி ஓட்டுவதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. வேடிக்கை பார்த்து முடித்தது அந்தப் பாட்டியின் காலத்தில்.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்ற பெயரில் பதினைந்து வயதைக் கடந்தவர்களுக்கான எழுத்தறிவு மையங்கள் 2022 முதல் தமிழ்நாட்டில் நடக்கின்றன. பெரும்பாலும் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில், தன்னார்வலர் ஒருவர் மாலையில் சொல்லிக்கொடுக்கிறார். அரியலூரில் முதல் மாணவர்களாக வந்து உட்கார வேண்டியவர்கள், மாநிலத்தில் முதலிடம் வாங்கிய பிள்ளைகளின் அம்மாக்களும் பாட்டிகளும். சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பேத்தி சாயங்காலம் அரைமணி நேரம் ஒதுக்கினால் சில மாதங்களில் பாட்டி தன் பெயரையும் பேருந்துப் பலகையையும் ரேஷன் கடைப் பதிவேட்டையும் படித்துவிடுவார். 2027இல் கணக்கெடுப்பாளர் வந்து, அந்த அம்மாவின் பெயருக்கு நேரே ‘எழுதப் படிக்கத் தெரியுமா?’ என்று கேட்பார். 2011இல் அந்த வீட்டில் இந்தக் கேள்விக்கு வேறு யாரோ பதில் சொல்லியிருப்பார்கள். இந்த முறை அவரே சொல்ல முடியும்.